உருளைக்கிழங்கு ரகங்கள்: தாப்பாவில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் தாப்பா ஊரில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் பதினெட்டு ஆண்டுகள் மளிகைக் கடை வைத்திருந்தேன். அதற்கு முன்பு ஏழு ஆண்டுகள் மலைமேல் ஒரு காய்கறி ஆராய்ச்சி வயலில் களப்பணி. ஆக, பாதி வாழ்க்கை உருளைக்கிழங்கைப் புரட்டிப் பார்த்தே போயிருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது வாடிக்கையாளர்கள் கேட்டவை, கோயில் கூட்டத்தில் பெரியவர்கள் கேட்டவை, இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் பாட வேலைக்காகத் தேடி வந்து கேட்டவை எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். சில கேள்விகளுக்குப் பதில் நீளும். சிலவற்றில் நீட்ட ஒன்றுமில்லை.

அண்ணே, தாப்பாவில் உருளைக்கிழங்கு நட்டால் விளையுமா?

செடி வரும், கிழங்கு வராது. நானே நட்டுப் பார்த்தவன். கடையில் முளைவிட்டுப்போன நான்கு கிழங்குகளைப் பழைய பெயிண்ட் வாளிகளில் ஊன்றினேன். நாற்பது நாளில் இடுப்பளவுக்கு இலை. என் மனைவி பார்த்துவிட்டு, "தீபாவளிப் பிரட்டலுக்குக் கடைக் கிழங்கே வேண்டாம் போலிருக்கிறதே" என்றார். எழுபதாம் நாள் வாளிகளைக் கவிழ்த்தோம். நான்கிலும் சேர்த்துக் கோலிக்குண்டு அளவில் பதினொரு கிழங்குகள். அன்றைக்குப் பிரட்டலில் விழுந்தது பூசணிக்காய்.

பலரும் வெயிலைக் குறை சொல்வார்கள். உண்மையில் காரணம் நம் ஊர் இரவு. உருளைச் செடியின் இலையில் ஒரு புரதம் உருவாகி, தண்டு வழியே மண்ணுக்குள் இறங்கி, கிழங்கு கட்டச் சொல்லிச் சேதி கொடுக்கிறது. சூடு அதிகமானால் அந்தப் புரதம் குறைந்துவிடும். செடி இலையும் தண்டுமாகவே வளர்ந்துகொண்டு போகும். போதாக்குறைக்கு, பகலெல்லாம் இலை சேர்த்த சத்தைப் புழுக்கமான இரவில் செடி மூச்சுவிட்டே செலவழித்துவிடும். நன்றாகக் கிழங்கு கட்ட 15 முதல் 20 பாகை செல்சியஸ் இரவு வேண்டும். தாப்பாவில் விடியற்காலையிலும் 23க்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கிருந்து மலைச்சாலையில் அறுபது கிலோமீட்டர் போல ஏறினால் கேமரன் மலையின் தானா ராத்தா, கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டர் தாண்டிய இடம். அங்கே மனிதர்களுக்கு இரவில் போர்வை வேண்டும். உருளைக்குப் பிடித்த குளிரும் அதுதான்.

அப்படியானால் கேமரன் மலையில் ஏன் ஏக்கர் கணக்கில் போடுவதில்லை?

விளையும், கட்டுப்படியாகாது. மலையில் நிலம் கொஞ்சம். அதே பாத்தியில் தக்காளி, கோஸ், ஸ்ட்ராபெரி, பூ என்று போட்டால் கையில் நிற்கும் காசு அதிகம். சீனாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கப்பலில் வரும் மூட்டையோடு விலையில் போட்டி போட முடியாது. ஆண்டு முழுக்க மழை என்பதால் நோய்த் தொல்லையும் அதிகம். எங்கள் ஆராய்ச்சி வயலில்கூட உருளைக்குக் கிடைத்தது ஓரத்தில் இரண்டு பாத்திகள்.

கிழங்கை வெட்டி நட்டாலே முளைக்கிறதே. புதிய ரகத்துக்கு எதற்கு இத்தனை ஆண்டுப் பாடு?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் ஒட்டுக் கட்டும் வேலை பார்த்தார். நாற்றுமேடையில் முதுகு வளைந்து, பட்டையை ஜன்னல்போல் கீறித் திறந்து, உள்ளே ஒரு மொட்டை வைத்துப் பிளாஸ்டிக் நாடாவால் சுற்றுவார். நல்ல பால்மரம் ஒன்றின் மொட்டை ஆயிரம் கன்றுகளில் ஒட்டினால் ஆயிரமும் அதே மரம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் ரகத்தின் பெயரைக் கேட்காத தோட்டத்துக் குடும்பம் இங்கே இருக்காது. எத்தனை லட்சம் ஏக்கரில் நின்றாலும் அது ஒரே மரத்தின் நகல்தான்.

உருளைக்கிழங்கும் அப்படித்தான். கிழங்கு என்பது உண்மையில் தடித்த தண்டு, அதன் கண்தான் மொட்டு. வெட்டி நட்டால் அதே ரகம் திரும்ப வரும், நல்லதும் கெட்டதும் மாறாமல். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பூவுக்குப் பூ மகரந்தம் மாற்றி, காயெடுத்து, விதை போட வேண்டும். உருளைக்குக் காய் உண்டென்பதே பலருக்குத் தெரியாது. பச்சைச் சுண்டைக்காயும் சின்னத் தக்காளியும் கலந்தாற்போல் இருக்கும், நஞ்சு, தின்னக்கூடாது. உள்ளே நூறு, இருநூறு பொடி விதைகள்.

அந்த விதைகளில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. நமக்கு மரபுத்தொகுதி இரண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பயிரிடும் உருளைக்கு நான்கு. பன்னிரண்டு குரோமோசோம்கள் நான்கு படியாக, மொத்தம் 48. நான்கு கட்டுச் சீட்டை ஒன்றாகக் கலைத்துப் போடுவதுபோல. ஒரு நாற்றுக்கு நோய் தாங்கும் குணம் வந்திருக்கும், கிழங்கு முண்டும் முடிச்சுமாக இருக்கும். இன்னொன்று பார்க்க அழகு, வாயில் வைத்தால் கசப்பு. ஒரு லட்சம் நாற்றில் ஒன்று ரகமாகத் தேறினால் அதிர்ஷ்டம் என்பார்கள். முதல் ஆண்டு பார்வையிலேயே பெரும்பகுதி கழியும். பிறகு பாத்தி, வயல், பல ஊர், பல பருவம், சேமிப்பு, சமையல் என்று ஒவ்வொரு சல்லடையாக இறங்க, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிடும்.

களப்பணியாளாக எனக்குப் பிடிக்காத வேலை அந்த முதல் கழிப்புதான். தோண்டிய குவியல்கள் வரிசையாகக் கிடக்கும். அதிகாரி நடந்துகொண்டே விரலை நீட்டுவார்: இது, அது, அந்தக் கடைசி. மற்றதெல்லாம் குழிக்கு. ஒருமுறை கத்தரிப்பூ நிறத்தில் ஒரு குவியல், மிக அழகு. கண்கள் ஆழமாக இருக்கின்றன, தோல் சீவினால் பாதி வீணாகும் என்று தள்ளிவிட்டார். எனக்கு மனசு வரவில்லை. ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் அவித்துப் பார்த்தபோது சோப்புபோல் இருந்தது. அவர் சொன்னது சரிதான், காரணம்தான் வேறு.

ஒரு நாடே தனியாக இதைச் செய்துகொள்ளக் கூடாதா? எதற்குப் பல நாடுகள் சேர வேண்டும்?

ஒரே நாட்டில் எல்லாம் கிடைக்காது என்பதால்தான். முதலில் பெற்றோர் வேண்டும். உருளையின் தாய்வீடு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. நாட்டு ரகங்கள் மட்டும் 4,000க்கு மேல், காட்டு உறவினங்கள் நூற்றுக்கும் மேல். 1971இல் பெருவின் லீமாவில் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம் இவற்றைச் சேகரித்து வைத்துப் பல நாடுகளுக்கும் கொடுக்கிறது.

அடுத்தது, பூக்கும் இடம். இந்தியாவில் கிழங்கு விளையும் சமவெளியில் குளிர்காலப் பகல் குறுகியது, அங்கே செடி சரியாகப் பூக்காது. இமாசலப் பிரதேசத்துக் குஃப்ரி மலையில் கோடையின் நீண்ட பகலில் பூத்துக் குலுங்கும். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் அங்கே மகரந்தம் மாற்றி, விதையைச் சமவெளிக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கிறது. 1968இல் வந்த குஃப்ரி ஜோதியைப் போல, அந்த நிறுவனத்து ரகங்களுக்குப் பிறந்த மலையின் பெயர்தான் முன்னெழுத்து.

மூன்றாவது, நோய் கொழிக்கும் இடம். நோய் தாங்குமா என்று தெரிய, நோய் தாண்டவமாடும் வயலில் நட்டால்தான் ஆகும். பின்கருகல் நோய்க்கு அப்படிப்பட்ட இடம் மெக்சிகோவின் தொலூக்கா பள்ளத்தாக்கு. அந்தக் கிருமிக்கு, ஆணும் பெண்ணும்போல் சேர்ந்து பெருக, இரண்டு இணை வகைகள் உண்டு. மற்ற நாடுகளில் நெடுங்காலம் ஒரு வகைதான் இருந்தது. தொலூக்காவில் இரண்டும் சேர்ந்திருந்து, புதுப்புது கிருமிகள் பிறந்துகொண்டே இருந்தன. ஜான் நீடர்ஹாசர் என்ற அமெரிக்க நோயியலாளர் அங்கே பிற நாட்டு ரகங்களையும் வரவழைத்துச் சோதித்தார். 1990இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

ஆக, தாய் ஓரிடம், பூ ஓரிடம், சோதனை இன்னோரிடம். பணமில்லாத சிறு நாடு இத்தனையையும் தனியே கட்டி எழுப்ப முடியாது. 1978இல் மத்திய அமெரிக்க, கரிபிய நாடுகள் சுவிட்சர்லாந்தின் உதவியோடு வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. யாருக்கு எதில் கை தேர்ந்திருக்கிறதோ அவர் அதை எடுத்துச் செய்து மற்றவர்களுக்குக் கொடுப்பது. நம் பக்கமும் 1980களில் ஆஸ்திரேலியாவின் ஆதரவில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, இலங்கை, பாப்புவா நியூ கினி உள்ளிட்ட நாடுகள் இப்படி ஒரு திட்டத்தில் சேர்ந்தன.

எனக்கு மிகவும் பிடித்த கதை சீனாவினுடையது. யுனான் நார்மல் பல்கலைக்கழகமும் லீமா மையமும் சேர்ந்து ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்தன. பின்கருகலைத் தாங்கும், யுனான் மலைக்குப் பொருந்தும், ருசியும் உண்டு. மாநிலமெங்கும் பரவிவிட்டது. அதற்கு வைத்த பெயர் 'ஹெசுவோ 88'. ஹெசுவோ என்றால் ஒத்துழைப்பு.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? ஆர்.ஆர்.ஐ.எம். 600க்குத் தாய் ஜாவாவில் தேர்ந்தெடுத்த 'சிர் 1', தந்தை பிராங் பெசார் தோட்டத்து 'பி.பி. 86'. 1937இல் இங்கே மலாயாவில் மகரந்தம் மாற்றினார்கள். பிராங் பெசார் தோட்டம் இருந்த மண்ணில்தான் இன்றைக்கு நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா நிற்கிறது. பிள்ளையோ தாய்லாந்து முழுக்கப் பரவிவிட்டது.

பின்கருகல் நோய் அவ்வளவு பெரிய விஷயமா?

1845இல் அயர்லாந்தில் அது புகுந்து, அடுத்த சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் பசியிலும் நோயிலும் இறந்தார்கள். ஏழைகள் நட்டிருந்தது பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே ரகம். ஒன்று விழுந்தால் எல்லாம் விழும்.

இலை விளிம்பில் தண்ணீர் கோத்ததுபோல் ஒரு புள்ளி, அடியில் வெள்ளைப் பூஞ்சணம். ஈரமான வானிலையில் ஒரு வாரத்தில் வயல் கருகி, அழுகல் நாற்றம் அடிக்கும். மெக்சிகோவின் காட்டு உருளைகளிலிருந்து எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். கிருமி சில ஆண்டுகளிலேயே வழி கண்டுபிடித்தது. இதனால்தான் ஒரே பூட்டை நம்பாமல், நோயை மெதுவாக்கும் பல சிறு குணங்களைச் சேர்த்துக் கட்டும் முறைக்குப் போனார்கள். அயர்லாந்தில் லம்பர் நின்றதுபோல் இந்தோனேசிய மலைகளில் நெடுங்காலமாகக் கோலோச்சுவது ஜெர்மனி ரகமான கிரானோலா. பின்கருகல் வந்தால் அதுவும் தாங்காது, மருந்து தெளித்தே காப்பாற்ற வேண்டும்.

செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடிவிடுகிறதே, அதுவும் இதுதானா?

அது வேறு, பாக்டீரியா வாடல். வெப்ப நாடுகளில் இதுவே பெரிய எமன். தக்காளி, கத்தரி, மிளகாய், இஞ்சி என்று யாரையும் விடாது. எங்கள் மேற்பார்வையாளர் கற்றுக்கொடுத்த சோதனையை நீங்களும் செய்யலாம். வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, தண்டின் நுனி மட்டும் நனையும்படி பிடியுங்கள். ஆட்டாதீர்கள். சில நிமிடங்களில் பால்போல் ஒரு நூல் தண்டிலிருந்து இறங்கும். அத்தனையும் பாக்டீரியா. இதற்கு முழு எதிர்ப்புள்ள உருளை இன்னும் கிடைக்கவில்லை. நோயில்லாத விதைக் கிழங்கும் பயிர் மாற்றமும்தான் இப்போதைக்குக் கைகொடுப்பவை.

என் சித்தி ஊட்டியில் இருக்கிறார். அங்கே உருளைக்குப் புழு வந்ததென்றார். உண்மையா?

உண்மைதான், பழைய கதை. வேரில் ஒட்டும் முட்டைக்கூட்டு நூற்புழுவை 1961இல் நீலகிரியில் கண்டுபிடித்தார்கள். கடுகைவிடச் சிறிய உருண்டை, தங்க நிறம், ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கான முட்டைகள். பயிரே இல்லாமல் இருபது ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கும். இந்தோனேசியாவில் 2003இல் தலைகாட்டியது. ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பில் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற, இந்தப் புழுவைத் தாங்கும் ரகங்கள் வந்தன. எதிர்ப்புக் குணம் எங்கிருந்து என்று தேடினால் மறுபடியும் ஆண்டிஸ் மலைதான்.

ரகத்தை நாடு விட்டு நாடு எப்படி அனுப்புவார்கள்? மூட்டையிலா?

ஐயோ, மூட்டையில் அனுப்பினால் மண், புழு, வைரஸ் எல்லாம் கூடவே குடியேறும். சோதனைக்குழாயில் அனுப்புகிறார்கள். முளையின் உச்சியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுனியை வெட்டியெடுத்து, ஊட்டக் கூழில் வளர்க்கிறார்கள். அந்த நுனியை வைரஸ் பெரும்பாலும் எட்டுவதில்லை. அதில் வரும் சுத்தமான குட்டிச் செடியைச் சோதித்து, சான்றிதழ் இணைத்து, விமானத்தில் ஏற்றுவார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு 2004இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசத் தாவர மரபுவள உடன்படிக்கை விதி வகுத்திருக்கிறது. அதன் பட்டியலில் உருளையும் உண்டு.

குழாய்ச் செடி என்றவுடன் வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் மட்டும் செய்யும் வேலை என்று நினைக்க வேண்டாம். வியட்நாமின் டாலாட் மலையில் 1980களின் தொடக்கத்தில் விவசாயக் குடும்பங்களே வீட்டில் குழாய்ச் செடிகளைப் பெருக்கி, நாற்றாக்கி விற்றார்கள். லீமா மையம் கொடுத்த ரகங்களும் அப்படிப் பரவின. நம் தோட்டத்து ஒட்டுக் கட்டுபவர்களிடம் அன்றைக்கு ஒரு குழாயைக் கொடுத்திருந்தால் அதையும் ஒரு கை பார்த்திருப்பார்கள்.

கறிக்கு ஒரு கிழங்கு, பொரிப்பதற்கு ஒரு கிழங்கு என்கிறார்களே, ஆராய்ச்சியாளர்கள் அதையெல்லாம் பார்ப்பார்களா?

பார்க்காமல் ரகம் வெளியே வராது. மாவுச்சத்து அதிகமான கிழங்கு வறுவலுக்கு நல்லது. ஆட்டுக்கறியில் போட்டால் கரைந்து குழம்பையே கூழாக்கிவிடும். ஈரம் அதிகமானது கறியில் துண்டாக நிற்கும், வறுத்தால் எண்ணெய் குடிக்கும். கிரானோலா இந்த இரண்டாம் சாதி. கறிபாப் என்ற உருளை வைத்த பலகாரம் செய்கிறவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். இன்னொன்று, குளிர்ப்பெட்டியில் வைத்த கிழங்கில் சர்க்கரை கூடும், பொரித்தால் கருக்கும். அதனால் உருளையைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள்.

கசப்பையும் அளக்கிறார்கள். 1967இல் அமெரிக்காவில் 'லெனாப்பே' என்றொரு ரகம் வந்தது. வறுவலுக்கு அற்புதம். உருளைக்கு இயல்பாக உள்ள நஞ்சு அதில் அளவுமீறி இருந்ததால் 1970இல் திரும்பப் பெற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், இன்றைக்குப் பல நாடுகளில் வறுவலுக்குப் போகும் 'அட்லாண்டிக்' ரகத்துக்கு அந்த லெனாப்பேதான் ஒரு பெற்றோர். நஞ்சைக் கழித்துவிட்டு நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் மரபணு மாற்றப் பயிரா?

மேலே சொன்ன ரகங்களில் ஒன்றுகூட இல்லை. பூவுக்குப் பூ மகரந்தம் தடவியவை. மரபணு மாற்றிய உருளையும் உண்டு, உகாண்டாவில் பின்கருகல் தாங்கும் ஒன்றைச் சோதித்திருக்கிறார்கள். அது தனிக் கதை.

சூடு தாங்கும் ரகம் வந்தால் தாப்பாவில் விளையாதா?

முயற்சி நடக்கிறது. இந்தியாவில் 2006இல் வந்த குஃப்ரி சூர்யா மற்ற ரகங்களைவிடச் சற்றுச் சூடான இரவிலும் கிழங்கு கட்டும். அடுத்து, லீமா மையத்தின் மரபுவளத்தில் பிறந்த ஒன்றுக்கு 'குஃப்ரி லீமா' என்றே பெயர் வைத்தார்கள். சம்பந்தி வீட்டுப் பெயரையும் சேர்த்ததுபோல. ஆனால் சூடு தாங்கும் என்பதற்கு இந்தியச் சமவெளியில் அர்த்தம், குளிர்காலத்துக்குச் சற்று முன்னாலேயே நடலாம் என்பது. தாப்பாவின் 23, 24 பாகைக்கு அதுவும் போதாது. என்னைக் கேட்டால், இந்தத் தாழ்நிலத்துக்கு உருளையை இறக்கப் பாடுபடுவதைவிட மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போடலாம். இரண்டும் கேட்காமலே விளைகின்றன. சூடு தாங்கும் ரகத்தால் முதலில் பிழைக்கப்போவது கேமரன், இந்தோனேசியாவின் டியெங், இலங்கையின் நுவரெலியா போன்ற மலைகள்தான். அங்கேயும் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கிறது.

விதைக் கிழங்குக்குப் பதில் விதையே விற்கப்போகிறார்களாமே?

செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டக்காரர்களுக்கு இது ஒரு வரியில் புரியும்: தூரா ஒரு பனை வகை, பிசிபெரா இன்னொன்று, இரண்டையும் சேர்த்தால் தெனெரா. உருளையிலும் அப்படி இரு தூய வழிகளை உண்டாக்கிச் சேர்க்கப் பார்க்கிறார்கள். நான்கு படி மரபை இரண்டு படிக்குக் குறைத்து, தன் மகரந்தத்தை ஏற்காத உருளைக்கு ஒரு காட்டு இனத்திலிருந்து அதை ஏற்கும் குணத்தைக் கொண்டுவந்து, நெதர்லாந்திலும் சீனாவிலும் முன்னேறியிருக்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு இரண்டு டன்னுக்கு மேல் விதைக் கிழங்கு ஏற்றிப் போகும் இடத்தில் ஒரு கைப்பிடி விதை போதும். மலைப்பாதையில் லோரிக்கு டீசல் போட்டவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நம் கடைகளில் விற்கும் கிழங்கு என்ன ரகம், அண்ணே?

மூட்டையில் நாட்டின் பெயர் இருக்கும், எடை இருக்கும், ரகத்தின் பெயர் இருப்பது அபூர்வம். வங்காளதேசத்து மூட்டையில் தோல் சிவப்பாக இருந்தால் கார்டினல் அல்லது ஆஸ்டரிக்ஸ், மஞ்சளாக இருந்தால் டயமண்ட் அல்லது கிரானோலா என்று ஊகிக்கலாம். கிரானோலா ஜெர்மனி, மற்ற மூன்றும் நெதர்லாந்து. வங்காளத்து மண்ணில் விளைந்து, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, நம் வீட்டுக் கறியில் வேகின்றன.

கடை நடத்திய காலத்தில் ஒருமுறை, மூட்டை இறக்க வந்த லோரித் தம்பியிடம் இது என்ன பெயர் என்று கேட்டேன். சிட்டையைப் புரட்டிப் பார்த்தார், மூட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "கிழங்கு, அண்ணே" என்றார்.